ஏழாம் இரத்தத்துக்குக் காத்திருந்த ஐந்து பேர்

மாலை ஆறு மணி ஒன்பது நிமிடம். ஷுப்ராவின் பெரிய தெரு. ஈ காக்கை இல்லை.

கெய்ரோவில் அப்படி ஒரு தெருவைப் பார்க்க வேண்டுமென்றால் ரமலான் மாதத்தில், மஃரிப் பாங்கு சொன்ன அந்தக் கால் மணி நேரத்தில்தான் முடியும். மற்றபடி இங்கே நடுச்சாமத்தில்கூட மினிபஸ்காரன் ஹாரன் அடிப்பான். ஆனால் நோன்பு திறக்கும் நேரத்தில்... டீக்கடை நாற்காலிகள் போட்டது போட்டபடி கிடக்கும். டாக்சியின் கதவு திறந்திருக்கும், ஓட்டுகிறவர் இருக்க மாட்டார். ஜன்னல்களிலிருந்து கரண்டிச் சத்தம் மட்டும் வரும். இருபத்தொன்பதாம் நோன்பு அன்று அந்தத் தெருவில் நான் ஒருவன்தான் நடந்துகொண்டிருந்தேன். வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடவில்லை. ஒரு பெண்ணிடம் போய் ஓர் உண்மையைச் சொல்ல வேண்டும். இருபத்துமூன்று நாள் தாமதமாக.

"ஆரம்பிச்சுட்டான்டா!" என்றான் ஷெனூதா. "நல்லா இருக்கு. கரண்ட் வர்ற வரைக்கும் ஓட்டு."

இந்தக் கதையை நான் சொல்லத் தொடங்கியது போன ஆகஸ்டில், பாஹிர் வீட்டின் உள்ளறையில். நாங்கள் நான்கு பேர். பாஹிர், ஷெனூதா, ஸியாத், நான். பத்து மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது கரண்ட் போனது. கோடைக்காலம், முறை வைத்து ஒரு மணி நேரம் நிறுத்துவார்கள், எல்லோருக்கும் பழக்கம்தான். ஆனால் அன்றைக்குப் பதினோரு மணிக்கு 'ஏழாம் இரத்தம்' திறக்கப்போகிறது. கணினி இருட்டாகக் கிடந்தது. பாஹிரின் போனை நடுவில் சாய்த்து வைத்து, அதில் குறைந்துகொண்டே வரும் எண்களைப் பார்த்தபடி நாங்கள் தரையில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தோம்.

ஏழாம் இரத்தம் ஒரு வீடியோ கேம். அதில் நீங்கள்தான் இரத்தக்காட்டேரி. ஒரு பழைய நகரம், ஏழு குலங்கள், நூறு மணி நேரத்துக்குக் கதை. அறிவித்து ஆறு வருடம். தேதி மூன்று முறை தள்ளிப்போனது. முதல் தேதியை ஸியாத் மணிக்கட்டில் பச்சை குத்திக்கொண்டான். அது போனதும் அதன்மேல் கோடு போட்டு, கீழே அடுத்த தேதியைக் குத்தினான். மூன்றாவது தேதி முழங்கைக்கு வந்துவிட்டது. நாங்கள் அப்படிப்பட்ட கூட்டம். இரண்டு நிமிட டிரெய்லரை நிறுத்தி நிறுத்தி, எலிகளை எண்ணி, அதற்கு ஒரு விளக்கம் எழுதி, அந்த விளக்கத்துக்காகச் சண்டை போட்டுப் பேசாமல் இருப்போம். அரபு ரசிகர் குழுவில் மட்டும் நாற்பதாயிரம் பேர். தினமும் காலையில் யாராவது ஒருவர் 'இன்னும் இத்தனை நாள்' என்று போடாவிட்டால் மற்றவர்களுக்குப் பல் துலக்காதது போல இருக்கும்.

அன்று நான் விளையாட வரவில்லை, கெஞ்ச வந்தேன். ஒன்பதரை மணி வாக்கில் பாஹிர் வீட்டுப் படியேறும்போதே, மூடிய கதவுக்கு உள்ளேயிருந்து ஒரு பெண்குரல் என்னைக் கூப்பிட்டது.

"வாங்க... உள்ள வாங்க... இது உங்க வீடு."

மூன்றாம் மாடித் திருப்பத்தில் ஒரு பெரியவர் ஒதுங்கி நின்று எனக்கு வழிவிட்டார். சலாம் சொல்லிவிட்டு ஏறினேன். உள்ளே போனால் அது கணினிதான். பாஹிர் சாயங்காலத்திலிருந்து அரபுக் குரல்களை ஏற்றி, சத்தமாக வைத்துச் சோதித்துக்கொண்டிருந்தான். அழி என்றேன். சிரித்தான். ஏன் என்றார்கள். சொல்லத் தொடங்கினேன், கரண்ட் போனது.

அந்தக் குரல் ரிஹாம் அக்காவுடையது. என் சிநேகிதன் ஹெய்தமின் பெரியம்மா மகள். வயது முப்பத்துமூன்று. ஷுப்ராவில் நான்காம் மாடி வீடு. பகலில் ஒரு பல் மருத்துவரிடம் வரவேற்பு வேலை. அப்பா அஸ்மி மாமா டிராம் ஓட்டியவர், அந்த மணிச் சத்தத்திலேயே காது போய்விட்டது. அம்மா இல்லை. வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான்.

ஏழாம் இரத்தத்தில் ஒரு விதி உண்டு. வீட்டுக்காரர் வாயால் கூப்பிடாமல் காட்டேரி வாசலைத் தாண்ட முடியாது. அதனால் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று பேசிப் பேசி அந்த அழைப்பை வாங்க வேண்டும். கேம் செய்தவர்கள் அந்த வாசல் காட்சியின் வசனத்தை ரசிகர்களுக்கென்று முன்கூட்டியே வெளியிட்டார்கள். அரபுக் குரல் அவர்கள் தருவதாக இல்லை. நாங்களே கொடுத்துவிடலாம் என்று எங்கள் குழு கிளம்பியது. ஒரே வசனம், முப்பது விதம். தூக்கக் கலக்கத்தில் கூப்பிடுவது, அழுதுகொண்டே கூப்பிடுவது, பயந்து, கொஞ்சி, காய்ச்சலோடு... ஹெய்தம்தான் அக்காவைக் கொண்டுவந்தான். ஒலியைச் சுத்தம் செய்வது என் வேலை.

கெய்ரோவில் வீட்டில் வைத்துக் குரல் பதிவு செய்வது லேசுப்பட்ட காரியம் இல்லை. கேஸ்காரன் சிலிண்டரைத் தட்டுவான். பழைய சாமான்காரன் ஒலிபெருக்கியில் கத்துவான். அக்காதான் வழி கண்டுபிடித்தார். ரமலானில் பாங்கு சொன்ன அந்தக் கால் மணி நேரம். ஒரு பேரீச்சம்பழம், ஒரு மிடறு தண்ணீர், உடனே மைக். முப்பது நோன்புக்கு முப்பது விதம்.

"காட்டேரியக் கூப்பிடுறதுக்கு இதவிட நல்ல மாசம் கிடையாது தம்பி," என்று சொல்லிச் சிரித்தார். "ரமலான்ல ஷைத்தான் எல்லாத்துக்கும் விலங்கு மாட்டியிருக்கு. கூப்பிட்டாலும் வர முடியாது, பாரு."

ஹெய்தம் அதைப் படகுக்காரன் விருந்து என்றான். நைல் நடுவில் போகிற படகுக்காரன் சாப்பாட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு, கரையில் நிற்பவனைப் பார்த்து, "வாப்பா, சாப்பிடு!" என்று கத்துவானே, அந்த மாதிரி. கூப்பிட்ட புண்ணியம் இவனுக்கு. அவன் வரவா போகிறான்?

நான் மூன்று காரியம் செய்யச் சொன்னேன். மூன்றையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று, வாசல் மணியின் கம்பியைக் கழற்றிவிட வேண்டும், நடுவில் யாரும் அடித்துவிடக் கூடாது. இரண்டு, கதவின் உள்பக்கம் ஒரு பஞ்சு மெத்தையை ஆணி வைத்து அடிக்க வேண்டும், மாடிப்படிச் சத்தம் வராமல் இருக்க. மூன்று, ஒவ்வொரு முறை சொல்லி முடித்ததும் மூன்று விநாடி சும்மா இருக்க வேண்டும். அறையின் அமைதி மட்டும் பதிவானால்தான், அதை வைத்து இரைச்சலை நீக்க முடியும்.

வாங்க... உள்ள வாங்க... இது உங்க வீடு. மூன்று விநாடி. மறுபடி வாங்க. மறுபடி மூன்று விநாடி. ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு முறை.

முதல் ஐந்து நாளும் சுத்தமான ஒலி. ஆறாம் நோன்பு அன்று, ஹெட்போன் போட்டுக் கேட்டால், அந்த மூன்று விநாடியில் தூரத்தில்... கிரீச். கீழே தெருவாசல் இரும்புக் கதவு. யாரோ பக்கத்து வீட்டுக்காரர், நோன்பு திறக்க நேரமாகிவிட்டது போல என்று நினைத்தேன். தேர்ந்தெடுத்தேன், அழித்தேன்.

ஒன்பதாம் நோன்பு, படியில் காலடி. தோல் செருப்பு. இழுத்து இழுத்து, அவசரமில்லாமல். ஒரு 'வாங்க'வுக்கு ஒரு படி. அழித்தேன். பதினொன்று, பன்னிரண்டு... காலடி நெருங்கி வந்தது. மெத்தை அடித்த கதவைத் தாண்டி அது எப்படிப் பதிவாகிறது என்று அன்றைக்கே யோசித்திருக்க வேண்டும். எனக்கு அன்று ஒரே யோசனைதான், ஒலி சுத்தமாக வர வேண்டும்.

பதினான்காம் நோன்பு அன்று காலடி நின்றுவிட்டது. அதற்குப் பதிலாக ஒவ்வொரு அழைப்புக்கும் பிறகு, மிகப் பக்கத்தில், நாக்கைத் தட்டும் ஒரு சின்னச் சத்தம்.

ப்ச்.

நம் ஆட்கள் வேண்டாம் என்பதைச் சொல்லும் அந்தச் சத்தம். கூப்பிட்டவுடன் உள்ளே வந்துவிட்டால் மரியாதையா? இரண்டு முறையாவது மறுக்க வேண்டாமா? "சிரமப்படாதீங்க", "இருக்கட்டும்மா" என்று சொல்ல வேண்டாமா? அதைத்தான் அது சொன்னது. ப்ச். அக்காவுக்கு அது கேட்கவே இல்லை. அவர் பாட்டுக்கு அடுத்த விதத்தில் கூப்பிடுவார். வாங்க... உள்ள வாங்க... வாசலில் நின்று மறுப்பவரை விடாமல் வற்புறுத்துகிற மாதிரி.

"ஏன்டா, அது அவங்கப்பாவா இருக்கும்," என்றான் பாஹிர்.

நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். அஸ்மி மாமாவுக்கு வேறு ஒரு குழப்பம். காது சரியாகக் கேட்காதா, மகள் தினமும் நோன்பு திறக்கும் நேரத்தில் யாரையோ கூப்பிடுவது மட்டும் அரைகுறையாகக் கேட்டிருக்கிறது. இரண்டாம் நோன்பு அன்றே மேஜையில் மூன்றாவது தட்டு வைத்துவிட்டார். மூன்று பேரீச்சம்பழம், ஒரு கண்ணாடி தம்ளரில் ஆரஞ்சு நிறக் கமர்தீன் சாறு. "யாரும்மா வந்தது? வெளியவே நிக்க வெச்சுப் பேசுறியே, நல்லாவா இருக்கு?" அக்கா விழுந்து விழுந்து சிரித்து எங்களிடம் சொன்னார். தட்டை எடுக்கவில்லை. வயதானவர், அதில் ஒரு சந்தோஷம், இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டார்.

இருபத்தோராம் நோன்பு. அன்றைய பதிவை வாங்கி ஹெட்போனில் கேட்டேன். முதல் அழைப்பு. மூன்று விநாடி. 'ப்ச்' இல்லை.

ஒரு செருப்பு கழன்றது. பிறகு இன்னொன்று.

இரண்டாவது அழைப்பு. மூன்று விநாடி. ஒரு மர நாற்காலி தரையில் இழுபட்டது. அதன் ஒரு கால் குட்டை போல, இழுத்த பிறகு டொக்கென்று ஒரு முறை ஆடி நின்றது.

அரை மணி நேரம் கழித்து அக்கா போன் செய்தார். குரல் சரியில்லை.

"தம்பி, அப்பா என்னமோ சொல்றார். இன்னைக்குத்தான் அவர் உள்ள வந்து உக்காந்தாராம். தட்டைத் தொடவே இல்லையாம். கேட்டா, அவர் இன்னும் நோன்பு திறக்கலைங்கிறார். பாங்கு சொல்லியாச்சேப்பான்னேன். அவர் நோன்பு வேற மாதிரியாம்... பெருநாளைக்குத்தான் திறப்பாராம்."

நான் ஹெட்போனைக் கழற்றி வைத்தேன்.

"வீட்ல ஒரு வாடை வேற. செப்புக்காசை ரொம்ப நேரம் உள்ளங்கையில மூடி வெச்சிருந்தா வருமே, அது மாதிரி. இமாத், நீதான் எல்லாத்தையும் கேக்குற. உண்மையைச் சொல்லு. அந்த ஃபைல்ல என் சத்தத்தைத் தவிர வேற ஏதாச்சும் இருக்கா?"

"இல்லக்கா," என்றேன். "சுத்தமா இருக்கு."

பொய் இல்லையே. சுத்தம் செய்தவன் நான்தானே. என் மேல் எனக்கு இன்றைக்கும் வருகிற ஆத்திரம் இதற்குத்தான். பெருநாள் அன்று அரபுக் குரலில் டிரெய்லர் வருகிறது என்று குழுவில் அறிவித்தாகிவிட்டது. நாற்பதாயிரம் பேர் நாள் எண்ணிக்கொண்டிருந்தார்கள். என் பெயரைப் போட்டுப் பாராட்டிக்கொண்டிருந்தார்கள். ஆறு வருடம் காத்திருந்து, கைக்கெட்டும் நேரத்தில் 'பேய் வருகிறது, நிறுத்துங்கள்' என்று யார் சொல்வது? நான் சொல்லவில்லை. அக்கா என்னை நம்பினார். நம்பி மேலும் ஏழு நாள் கூப்பிட்டார்.

அந்த ஏழு நாளும் நாற்காலி இழுபட்டது. டொக். தேர்ந்தெடு, அழி.

இருபத்தெட்டாம் நோன்பு இரவு அவர் அழுதுகொண்டே பேசினார். அஸ்மி மாமா அன்றைக்கு ரொம்ப உற்சாகமாக இருந்தாராம். பெருநாளைக்கு விருந்தாளிக்கு என்ன சமைப்பது என்று மகள் கேட்காமலே பதிலும் சொன்னாராம்.

"ஒண்ணும் சமைக்க வேணாமாம் தம்பி. 'நீங்க இருந்தாலே போதும்'னு அப்பாகிட்டச் சொன்னாராம். எவ்வளவு பண்பான மனுஷன்னு அப்பா பூரிச்சுப் போறார்."

அக்கா அப்போதே முடிவு செய்துவிட்டார். இனிப் பதிவு கிடையாது. முப்பதாம் நோன்பு காலை ரயிலில் அப்பாவைக் கூட்டிக்கொண்டு தன்தாவில் சித்தி வீட்டுக்குப் போய்விடுவது. நாள்காட்டி எல்லாமே அந்த வருடம் நோன்பு முப்பது என்றுதான் போட்டிருந்தது. இன்னும் ஒரு நாள் கையில் இருக்கிறது என்று நினைத்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனாலும் இரவெல்லாம் தூக்கம் இல்லை. மறுநாள், இருபத்தொன்பதாம் நோன்பு, சாயங்காலம், நேரில் போய்ச் சொல்லிவிடுவது என்று கிளம்பினேன்.

அந்தத் தெரு. ஆறு மணி ஒன்பது நிமிடம்.

அக்கா வீட்டுக் கட்டடத்துக்கு நான் அதற்கு முன் போனதே இல்லை. இரும்புக் கதவைத் தள்ளினேன். கிரீச்... அந்தக் கிரீச்சை எனக்குத் தெரியும். படி ஏறினேன். ஒவ்வொரு படியையும் எனக்குக் காதால் தெரியும். நான்காம் மாடி. கதவுக்கு வெளியே ஒரு ஜோடி செருப்பு. கறுப்புத் தோல். மண் ஏறியிருந்தது. ஒன்றோடு ஒன்று ஒட்டினாற்போல ஒழுங்காகக் கழற்றி வைத்திருந்தது. செப்புக்காசின் வாடை.

மணியை அழுத்தினேன். சத்தமில்லை. கம்பியைக் கழற்றச் சொன்னது நான்.

கதவைத் தட்டினேன். பிறகு குத்தினேன். தோளால் இடித்தேன். உள்ளே பஞ்சு மெத்தை. பொத் பொத்தென்று அமுங்கியது. "அஸ்மி மாமா! கதவைத் திறங்க மாமா!" உள்ளே அவர் குரல் கேட்டது. காது கேட்காதவர்கள் பேசுவது போல உரக்க, சந்தோஷமாக, டிராம் காலத்துக் கதை ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். இடையில் நிறுத்துவார். யாரோ பதில் சொல்வதைக் கேட்பது போல. மறுபடி பேசுவார். இத்தனைக்கும் நாம் கத்தினால் ஒன்றும் கேட்காத மனிதர்!

அக்காவின் போன் உள்ளே அடித்து ஓய்ந்தது. அவர் பெருநாள் கஹ்க் பிஸ்கட் சுட்டுவரப் பேக்கரிக்குத் தட்டத்தோடு போயிருந்தார். அடுப்படியில் நீண்ட வரிசை, பாங்குக்குள் திரும்ப முடியவில்லை. அப்பாவிடம், யார் வந்தாலும் திறக்காதே என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். அவர் யாருக்கும் திறக்கவில்லைதான்.

பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினேன். ஒரு பெரியவர் கையில் கரண்டியோடு வந்தார்.

"அஸ்மி வீட்டுலதான் விருந்தாளி இருக்காரே. தினமும் வர்றவர்தான். எதுக்குப்பா இந்தக் கத்து கத்துற?"

அவர் பின்னால் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. அதில் தலைப்பாகைக்காரர் ஒரு தாளைப் படித்தார். பிறை தென்பட்டது. நாளை பெருநாள்.

கட்டடமே கூவியது. எல்லா மாடியிலும் பெண்கள் குலவை இட்டார்கள். தெருவில் வெடி, ஹாரன், தக்பீர். ஒரு மாதமாக மாட்டியிருந்த விலங்கு கழன்ற இரவு. அந்த ஆரவாரத்துக்கு நடுவில் நான் கதவில் காதை வைத்தேன். அஸ்மி மாமா ஒரு வாக்கியத்தின் பாதியில் நின்றார். நாற்காலி இழுபட்டது. டொக்.

பிறகு ஒன்றும் இல்லை... நானும் ஒன்றும் செய்யவில்லை. செய்ய என்ன இருந்தது? நெற்றியைக் கதவில் முட்டிக்கொண்டு நின்றேன், அவ்வளவுதான்.

அக்கா தலையில் தட்டத்தோடு வந்தார். வெண்ணெய் வாசனை. என் முகத்தைப் பார்த்தார், தட்டத்தைப் போட்டார், சாவியைப் போட்டுத் திறந்தார். மாமா மேஜையில் உட்கார்ந்தபடியே இருந்தார். சுண்ணாம்புச் சுவரின் நிறம். எதிர் நாற்காலி மேஜையிலிருந்து பின்னால் தள்ளியிருந்தது. எதிர்த் தட்டில் மூன்று பேரீச்சம்பழமும் அப்படியே. கமர்தீன் விளிம்பு வரை நிறைந்து, ஆடாமல். வெளியே வந்து பார்த்தேன், செருப்பு இல்லை.

மருத்துவர் இதயம் என்றார். எழுபத்துநாலு வயது, கேட்பானேன். உடலைக் குளிப்பாட்டியவர் மட்டும் ஹெய்தமைத் தனியே கூப்பிட்டுச் சொன்னாராம். "இத்தனை வருஷத்துல இவ்வளவு லேசான உடம்பை நான் தூக்கினதில்லப்பா."

நான் நிறுத்தினேன். போனில் எண்கள் குறைந்துகொண்டிருந்தன. இருபத்தெட்டு நிமிடம்.

"இதைத்தான் நீ அன்னைக்கு ராத்திரி குழுவுல எழுதினியா?" என்று கேட்டான் ஸியாத்.

ஆமாம். பெருநாள் இரவு, எல்லாவற்றையும், என் பொய் உட்பட எழுதினேன். குழுவில் ஏற்றி வைத்திருந்த அக்காவின் குரல்களை யாரும் இறக்காதீர்கள் என்று கெஞ்சினேன். நாலாயிரம் பேர் இதயம் போட்டார்கள். 'விளம்பரம்னா இதுதான்யா விளம்பரம்', 'செம மிரட்டல், அடுத்த பாகம் எப்போ', 'அந்தச் செருப்புச் சத்தத்தை மட்டும் தனியாகக் கொடுங்க, ரிங்டோன் வெச்சுக்கறோம்'. நான் இணைப்பை எடுத்தேன். ஒருவன் வேறு இடத்தில் ஏற்றினான். அதை எடுக்கச் சொன்னேன். ஐந்து பேர் ஏற்றினார்கள்.

"மச்சான், சும்மா கதைன்னு நெனச்சு, நீ எழுதினதை நானே பத்துப் பேருக்கு அனுப்புனேன்," என்றான் ஷெனூதா. இந்த முறை அவன் சிரிக்கவில்லை.

ரிஹாம் அக்கா இப்போது தன்தாவில் இருக்கிறார். வேலை இல்லை. யாராவது வந்தால் சித்தி கதவைத் திறக்கும்வரை வாயைக் கையால் பொத்திக்கொள்கிறாராம். என்னைத் திட்டவே இல்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "என் குரலை எடுத்துடு தம்பி. அது இன்னும் கூப்பிட்டுக்கிட்டே இருக்கு." நாற்பதாயிரம் வீட்டிலிருந்து நான் எப்படி எடுப்பேன்? தெரிந்த வீடாகப் பார்த்துப் போய்க் கேட்கிறேன். ஏழு பேர் அழித்தார்கள். இது எட்டாவது வீடு.

"அழிச்சுடுறேன்டா," என்றான் பாஹிர். முகம் போன் வெளிச்சத்தில் வெளுத்திருந்தது. "சத்தியமா அழிச்சுடுறேன். ஆனா கரண்ட் வரணுமே. பெட்டி செத்துக் கெடக்கு."

அப்போது கதவைக் காலால் தள்ளிக்கொண்டு அவன் அம்மா வந்தார். ஒரு கையில் மெழுகுவத்தி, இன்னொரு கையில் தாம்பாளம். புதினா டீ. உட்கார்ந்த இடத்திலிருந்தே நான் எண்ணினேன். ஐந்து தம்ளர்.

"அம்மா, நாலு பேர்தானே இருக்கோம்," என்றான் பாஹிர்.

"உங்களுக்கு நாலுடா. இது அவருக்குப் போட்டது, வேணாம்னுட்டார்."

"யாருக்கு?"

"வாசல்ல நின்னவருக்கு. சாயங்காலத்துலேர்ந்து உன் ரூம்லேர்ந்து அந்தப் பொண்ணு வாங்க வாங்கன்னு கூப்பிடுது, அவர் பாவம் வேணாம் வேணாம்னு வெளியிலயே நிக்கிறார். வயசானவர். நீங்க ஒருத்தராச்சும் எழுந்து போய்ப் பாத்தீங்களா? இருட்டுல எங்க தடுக்கி விழுந்துடப் போறாரோன்னு நான்தான் உள்ள வாங்கன்னு கூட்டிட்டு வந்து கூடத்துல உக்கார வெச்சிருக்கேன். நல்ல மனுஷன். செருப்பைக்கூட வெளிய ஒழுங்கா ஜோடியா விட்டுட்டு வந்தார்."

நான் கேட்டேன். "டீ ஏன் வேண்டாம்னார், அம்மா?"

"பசங்க எதுக்கோ ரொம்ப வருஷமா காத்திருக்காங்களாமே, பதினோரு மணிக்குத் திறக்குதாமே. அது வரட்டும், நானும் அப்பவே திறந்துக்கறேன்னார். இப்ப ஒண்ணும் வேணாமாம்." தாம்பாளத்தை எங்கள் நடுவில் வைத்தார். "சரி, அவர் தனியா இருக்கார். நான் போய்ப் பேசிக்கிட்டிருக்கேன்."

பாஹிர் அம்மாவின் முழங்கையைப் பிடித்தான். அவர் சிரித்தபடி அதை விடுவித்துக்கொண்டு போனார். விருந்தாளியைத் தனியே விடுவதாவது.

பதினெட்டு நிமிடம் இருக்கும்போது கரண்ட் வந்தது. கட்டடம் முழுக்க வழக்கம்போல 'ஹே' என்று கூவினார்கள். கணினி தானாக விழித்தது. அதன் திரையிலும் அதே எண்கள் ஓடத் தொடங்கின. ஸியாத் தன் முழங்கையையே பார்த்துக்கொண்டிருந்தான். பாஹிர் ஓடிப்போய் அந்தக் குரல்களை ஒவ்வொன்றாக அழித்தான். முப்பதில் இருபத்தெட்டு இருந்தன, இருபத்தெட்டும் போயின. குப்பையையும் காலி செய்தான். பிறகு, இப்போ சரியா என்பது போல என்னைத் திரும்பிப் பார்த்தான்.

கூடத்தில் அவன் அம்மா ஏதோ சொல்லிச் சிரித்தார். பிறகு ஒரு நாற்காலி இழுபட்டது. டொக்கென்று ஒரு முறை ஆடி நின்றது.

பாஹிர் வீட்டு நாற்காலிகள் எல்லாம் பிளாஸ்டிக். இந்தச் சத்தம் எனக்குத் தெரியும். எட்டு முறை அழித்திருக்கிறேன்.